நெஞ்சுக்கு நேரம், மூளைக்கு எல்லை

1955 செப்டம்பர் 24. விடிய இன்னும் நேரமிருந்தது. அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் டென்வர் நகரில் மாமியார் வீட்டில் தங்கியிருந்தார். முந்தைய நாள் 27 குழி கோல்ஃப் ஆடியிருந்தார். நடுவே வெங்காயம் வைத்த ஹாம்பர்கர் சாப்பிட்டிருந்தார். நெஞ்சுவலி அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது. ஓடிவந்த மருத்துவர் மார்ஃபின் ஊசி போட்டுத் தூங்கவைத்தார். பத்திரிகைகளுக்கு ‘அஜீரணம்’ என்று சொல்லப்பட்டது. மதியத்துக்கு மேல்தான் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். வந்திருந்தது மாரடைப்பு. ராணுவ ஆஸ்பத்திரியில் ஏழு வாரம் இருந்த பிறகே அவர் வெளியே வந்தார்.

அந்த மருத்துவரைக் குறை சொல்லிப் பயனில்லை. உலகிலேயே அதிகாரம் மிக்க மனிதருக்கு அன்றைய மருத்துவத்தால் தர முடிந்தது வலிக்கு மருந்து, ஆக்சிஜன், ரத்தம் உறையாமலிருக்க மருந்து, அப்புறம் நீண்ட படுக்கை. அடைத்த குழாயைத் திறக்க எவரிடமும் வழி இல்லை. இன்று தமிழ்நாட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிற ஒரு விவசாயக் கூலிக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மூன்றும் அங்கேயே கைக்கு வருகின்றன. 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் ஏற்பாடு அது. அந்த மூன்றில் இரண்டு மருந்துகள் 1955-ல் உலகத்திலேயே இல்லை. ஆஸ்பிரினைக் காய்ச்சலுக்கும் வலிக்கும்தான் கொடுத்தார்கள்.

மூளைக்கட்டியின் கதை இப்படி ஓடவில்லை. அங்கேயும் ஸ்கேன், மைக்ரோஸ்கோப், கதிர்வீச்சு, புது மாத்திரை என்று எத்தனையோ வந்திருக்கின்றன. ஆனாலும் சில கட்டிகளைப் பொறுத்தவரை மாதக்கணக்கில்தான் பேச முடிகிறது. ஆஸ்பத்திரி விளம்பரப் பலகைகள் இரண்டையும் ‘அதிநவீன சிகிச்சை’ என்ற ஒரே வார்த்தையில் அடக்கிவிடுகின்றன. அந்தப் பலகையை நம்பி நகையை அடகு வைக்கிற குடும்பங்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்தாக வேண்டும். இதயத்தில் மருந்து தயாராக இருக்கிறது, நாம் போய்ச் சேர வேண்டும். மூளையில் நாம் போய்ச் சேர்ந்த பிறகும் மருந்து இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

மாரடைப்பு ரத்தக்கட்டியால் வருகிறதா, அல்லது மாரடைப்பு வந்த பிறகு ரத்தம் கட்டிக்கொள்கிறதா? 1970-கள் முடியும்வரை பெரிய மருத்துவர்களே இதில் இரு கட்சியாக நின்றார்கள் என்பது இன்று கேட்க வியப்பாக இருக்கும். அமெரிக்காவில் ஸ்போக்கேன் என்ற ஊரில் மார்கஸ் டிவுட் என்ற மருத்துவர், மாரடைப்பு வந்த சில மணி நேரத்துக்குள்ளேயே நோயாளிகளுக்கு ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தார். அந்த நிலையில் ஒருவரைத் தொடுவதே ஆபத்து என்று மற்றவர்கள் பயந்த காலம் அது. முதல் நான்கு மணி நேரத்துக்குள் வந்தவர்களில் 87 சதவிகிதம் பேருக்குக் குழாய் முழுதாக அடைத்திருந்தது. 1980-ல் அந்தக் கட்டுரை வெளியானதும் வாதம் முடிந்தது. அடைப்புதான் காரணம் என்றால் அதைக் கரைக்கலாம், அல்லது திறக்கலாம்.

கரைப்பதற்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ் இருந்தது. 17,187 நோயாளிகளை வைத்து நடந்த ஐசிஸ்-2 ஆய்வு 1988-ல் வெளிவந்தது. அந்த ஊசியோடு சாதாரண ஆஸ்பிரினையும் சேர்த்துக் கொடுத்தபோது, முதல் ஐந்து வார இதய, ரத்தக்குழாய் மரணங்கள் 42 சதவிகிதம் குறைந்தன. மருத்துவ வரலாற்றில் இவ்வளவு மலிவாக இவ்வளவு உயிர்களைக் காத்த மாத்திரைகள் அதிகம் இல்லை.

திறப்பதற்கான வழி இன்னொரு பக்கம் உருவாகிக்கொண்டிருந்தது. ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக் என்ற ஜெர்மானிய மருத்துவர் சூரிச்சில் தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, மெல்லிய குழாயின் நுனியில் பலூனை ஒட்டி ஒட்டிப் பார்த்தவர். 1977 செப்டம்பர் 16 அன்று 38 வயது நோயாளி ஒருவரின் இதயக் குழாயில் அந்தப் பலூனை ஊதி அடைப்பைத் திறந்தார். நெஞ்சைப் பிளக்கவில்லை, மயக்க மருந்தும் இல்லை. விரித்த குழாய் மறுபடி சுருங்காமலிருக்க 1986-ல் ஸ்டென்ட் வந்தது. அதன்மேல் மருந்து பூசிய ஸ்டென்ட் 2000-களின் தொடக்கத்தில் வந்தது. க்ரூன்ட்ஸிக் ஸ்டென்டைப் பார்க்கவில்லை. 1985-ல் விமான விபத்தில் 46 வயதில் இறந்துபோனார்.

இன்றைய கேத் லேப்பில் நடப்பதைக் கொஞ்சம் அருகே நின்று பார்க்கலாம். அறை குளிராக இருக்கும். நோயாளி விழித்திருக்கிறார், பேசவும் செய்கிறார். மணிக்கட்டில் மரத்துப்போக ஒரு ஊசி. அங்குள்ள ரத்தக்குழாய் வழியாக, பால்பாயிண்ட் பேனா ரீஃபில் தடிமனில் ஒரு குழாய் தோள்வரை ஏறி, வளைந்து, இதயத்தின் வாசலில் நிற்கிறது. சாயம் செலுத்தியதும் திரையில் ரத்தக்குழாய்கள் கறுப்பாகத் தெரிகின்றன. ஒன்று மட்டும் பாதியில் வெட்டினாற்போல் நின்றுவிடுகிறது. அடைப்பு அங்கேதான். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத கம்பி ஒன்று அந்த அடைப்பைத் தடவித் தடவித் தாண்டுகிறது. பின்னாலேயே பலூன் போகிறது, ஊதுகிறார்கள், ஸ்டென்டை விரிக்கிறார்கள். மறுபடி சாயம் விடும்போது, காணாமல்போன குழாய் நுனிவரை நிரம்புகிறது. ஈ.சி.ஜி.யில் மேடாகத் தூக்கி நின்ற கோடு இறங்கத் தொடங்குகிறது. பல நோயாளிகள் மேசையில் படுத்தபடியே ‘வலி குறைஞ்சிடுச்சு’ என்கிறார்கள்.

இவ்வளவு நன்றாக வேலை செய்கிற சிகிச்சைக்கு எதிரி கடிகாரம்தான். ரத்தம் நின்ற இடத்துத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டே போகிறது. செத்த தசை மறுபடி முளைப்பதில்லை. மாரடைப்பு என்று தெரிந்ததிலிருந்து 120 நிமிடத்துக்குள் ஸ்டென்ட் வைக்கும் இடத்தை எட்ட முடிந்தால் அங்கே போக வேண்டும். முடியாதென்றால் காத்திருக்காமல், முதலில் பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, பிறகு பெரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். கரைக்கும் ஊசிக்கு வலி தொடங்கியதிலிருந்து 12 மணி நேரம் வரம்பு. முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் கிடைக்கிற பலன் தனி.

இதில் தமிழ்நாடு உலகத்துக்கே ஒரு பாடம் எழுதியிருக்கிறது. கோவை மெடிக்கல் சென்டரின் தாமஸ் அலெக்சாண்டர், மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் அஜித் முல்லசாரி ஆகியோர் முன்னின்று நடத்திய முயற்சி அது. கேத் லேப் உள்ள பெரிய ஆஸ்பத்திரியை நடுவில் வைத்து, சுற்றியுள்ள சிறிய ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸையும் அதோடு கோத்தார்கள். சின்ன ஊரில் எடுத்த ஈ.சி.ஜி. உடனே நிபுணரின் பார்வைக்குப் போகும். ஊசி போடுவதா, நேரே அனுப்புவதா என்று அங்கேயே முடிவாகும். 2,420 நோயாளிகளைப் பின்தொடர்ந்த இந்த ஆய்வு 2017-ல் ‘ஜாமா கார்டியாலஜி’ இதழில் வெளிவந்தது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவிகிதத்திலிருந்து 14.2 சதவிகிதமாகக் குறைந்திருந்தார்கள். அவர்கள் எந்தப் புது மருந்தையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த மருந்தும் இருந்த சாலையும் இருந்த ஆம்புலன்ஸும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வைத்தார்கள். நூறு பேரில் மூன்று நான்கு பேர் கூடுதலாக வீட்டில் உயிரோடு இருந்தார்கள். எனக்கு இது எந்த ரோபோ அறுவை சிகிச்சையையும்விடப் பெரிய முன்னேற்றமாகத் தெரிகிறது.

ஆனால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்கு முன்னால் வீட்டுக்குள் தொலைகிற நேரம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ‘வாயுவா இருக்கும்’ என்கிறோம். சோடா வருகிறது, ஓம வாட்டர் வருகிறது, இஞ்சிச் சாறு வருகிறது. ‘விடியட்டும், பார்த்துக்கலாம்’ என்று படுக்கிறோம். ஐசனோவருக்குச் சொன்ன அதே அஜீரணம். மாரடைப்பு எல்லோருக்கும் சினிமாவில் வருவதுபோல் இடது மார்பைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. மேல் வயிற்றில் எரிச்சல், தாடையில் வலி, காரணமில்லாத வியர்வை, திடீர் மூச்சிரைப்பு என்றும் வரும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் வலியே இல்லாமலும் வரலாம். வீட்டில் அம்மாவோ பாட்டியோ ‘ஒரு மாதிரி இருக்கு’ என்று சொல்லி வியர்த்து உட்கார்ந்தால், அது அடுப்படி வெக்கை என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. ஈ.சி.ஜி. எடுக்கச் சில நிமிடம் போதும். முதல் ஈ.சி.ஜி.யில் ஒன்றும் தெரியாவிட்டால், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்கலாம்.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்ல வேண்டும். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது வைக்கும் ஸ்டென்ட் உயிர் காக்கும். நடந்தால் மட்டும் லேசாக நெஞ்சு பிடிக்கிறது, ஓய்வெடுத்தால் சரியாகிவிடுகிறது என்று இருப்பவருக்குச் சாவகாசமாக வைக்கும் ஸ்டென்ட் அந்த அளவுக்குச் செய்வதில்லை. 2007-ல் வந்த ‘கரேஜ்’ ஆய்வும், 5,179 நோயாளிகளோடு 2020-ல் வந்த ‘இஸ்கீமியா’ ஆய்வும் ஒரே மாதிரி சொல்லின: இப்படி நிலையாக இருப்பவர்களிடம், மாத்திரையோடு ஸ்டென்டோ பைபாஸோ சேர்த்தாலும் மரணமும் மாரடைப்பும் குறிப்பிடும்படி குறையவில்லை. வலி குறைவது உண்மை. இடது பிரதான குழாயில் அடைப்பு இருப்பவர்களும் இதயம் பலவீனமானவர்களும் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். மற்றவர்களிடம் ‘இன்றே வைக்காவிட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை’ என்று ஒரு மருத்துவமனை அவசரப்படுத்தினால், ஆஞ்சியோகிராம் பதிவான சி.டி.யை வாங்கிக்கொண்டு இரண்டாவது மருத்துவரைப் பார்க்கக் குடும்பத்துக்கு உரிமை உண்டு. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது. அதற்கு முன் அதே பொருளுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்தவர்கள் ஏராளம். விலை இறங்கியது நல்லது. தேவையில்லாத ஸ்டென்டுக்கு எந்த விலையும் அதிகம்தான்.

மாத்திரைகளில், கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாடினுக்குத் தனி மரியாதை உண்டு. ஜப்பானில் அகிரா எண்டோ 6,000-க்கும் மேற்பட்ட பூஞ்சைகளைச் சலித்து, கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் கிடைத்த பூசணத்திலிருந்து 1973-ல் அதன் மூதாதையைப் பிரித்தெடுத்தார். 1994-ல் ஸ்காண்டிநேவியாவில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் ஸ்டாடின் எடுத்தவர்களின் மரணம் 30 சதவிகிதம் குறைந்தது. ஸ்டென்ட் வைத்ததும் ‘எல்லாம் சரியாயிடுச்சு’ என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. குழாயின் ஓரிடத்தைத்தான் ஸ்டென்ட் திறந்திருக்கிறது. மீதிக் குழாய் முழுக்க அந்த மாத்திரையின் பொறுப்பு.

இதய வால்வுகளிலும் மாற்றம் பெரிது. வெளிநாட்டு வால்வு வாங்க வழியில்லாத நோயாளிகளுக்காகத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனத்தில் வலியத்தான் தலைமையிலான குழு உருவாக்கிய வால்வு, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டி.டி.கே. நிறுவனத்தின் தயாரிப்பில் இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் நெஞ்சில் அது திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. பிரான்ஸின் ரூவான் நகரில் அலான் கிரிபியே 2002-ல் தொடை வழியாகவே வால்வைக் கொண்டுபோய் வைத்துக் காட்டினார். அறுவை சிகிச்சையைத் தாங்க முடியாத முதியவர்களுக்கு அதனால் வழி பிறந்தது. நம்மிடம் அதன் விலை இன்னும் எட்டாக்கனி.

இனி மூளை.

1971 அக்டோபர் 1. லண்டன் விம்பிள்டனில் ஒரு ஆஸ்பத்திரி. மூளையின் முன்பகுதியில் கட்டி இருக்கலாம் என்ற சந்தேகத்தோடு வந்த ஒரு பெண், காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் வடிவமைத்த எந்திரத்துக்குள் தலையை வைத்தார். உலகின் முதல் சி.டி. ஸ்கேன் நோயாளி அவர்தான். படத்தில் கட்டி தெரிந்தது. அதுவரை மூளைக்கட்டியைத் தேட, முதுகெலும்பு வழியாகக் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். உயிர் போகிற தலைவலியும் வாந்தியும் நாள்கணக்கில் நீடிக்கும். மண்டையைத் திறக்காமல் உள்ளே பார்க்க முடிந்த அந்த நாள்தான் மூளை மருத்துவத்தின் பெரிய திருப்பம் என்பேன்.

அதற்கு வெகுமுன்பே நம் மண்ணில் வேலை தொடங்கியிருந்தது. கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் மூளை நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சீர்காழிக்காரரான பி. ராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் அந்தத் துறையை நிறுவினார். சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் இல்லாத காலத்தில், கை விரல் எப்படி அசைகிறது, கண்பாவை எவ்வளவு விரிகிறது என்று பார்த்தே கட்டி எங்கே என்று கணித்து மண்டையைத் திறந்த தலைமுறை அது.

‘மூளைக்கட்டி’ என்ற ஒரே பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட நோய்கள் இருக்கின்றன. மூளையை மூடியுள்ள உறையில் வளரும் மெனின்ஜியோமா பெரும்பாலும் புற்றுநோயே அல்ல. முழுதாக எடுத்துவிட்டால் பலர் சாதாரண வாழ்க்கைக்குத் திரும்புகிறார்கள். காது நரம்பில் வருகிற கட்டி சிறியதாக இருந்தால் கத்தியே வேண்டாம். ஸ்வீடனின் லார்ஸ் லெக்ஸெல் உருவாக்கிய காமா நைஃப், சுமார் 200 மெல்லிய கதிர்களை ஒரே புள்ளியில் குவித்துக் கட்டியின் வளர்ச்சியை நிறுத்துகிறது. ஸ்கேனில் ‘கட்டி’ என்று பார்த்தவுடனேயே வீட்டில் அழுகை கிளம்பத் தேவையில்லை. எந்தக் கட்டி என்பதுதான் முதல் கேள்வி.

கிளையோமா வேறு ரகம். அது மூளையின் சொந்தத் திசுவிலேயே பிறந்து, அதற்குள்ளேயே வேர்விட்டுப் பரவுகிறது. கட்டி எங்கே முடிகிறது, மூளை எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. கொஞ்சம் விட்டால் கட்டி திரும்பும். கொஞ்சம் கூடுதலாக எடுத்தால் பேச்சோ கையோ போய்விடும். அறுவை சிகிச்சை நிபுணரின் முழுக் கவலையும் இந்த எல்லைதான்.

அந்த எல்லையைத் தேட இரண்டு அருமையான வழிகள் இருக்கின்றன. ஒன்று, நோயாளியை விழிக்க வைத்து அறுவை செய்வது. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. தோலையும் எலும்பையும் மட்டும் மரக்கச் செய்து, மண்டையைத் திறந்த பிறகு நோயாளியை எழுப்புகிறார்கள். பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து படம் காட்டுகிறார். பசு, குடை, சாவி. நோயாளி பெயர் சொல்லிக்கொண்டே வருகிறார். அந்தப் பக்கம் நிபுணர் மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்சாரத்தால் ஓரிடத்தைத் தொடுகிறார். குடையைப் பார்த்து நோயாளி ‘இது... இது...’ என்று நின்றுவிடுகிறார். அந்த இடத்தில் எண் எழுதிய சிறு துண்டு ஒன்றை ஒட்டிவிட்டு, அதைத் தொடாமல் விலகிப் போகிறார்கள். தமிழும் ஆங்கிலமும் பேசுகிறவரிடம் இரண்டிலும் சோதிப்பது நல்லது. ஒவ்வொரு மொழிக்கும் இடம் கொஞ்சம் மாறியிருக்கலாம். பென்ஃபீல்ட் மான்ட்ரியலில் வளர்த்தெடுத்த இந்த முறை, எம்.ஆர்.ஐ. வரைபடங்களின் துணையோடு இன்று இன்னும் கூர்மையாகியிருக்கிறது.

இரண்டாவது, கட்டியை ஒளிர வைப்பது. அறுவைக்குச் சில மணி நேரம் முன்பு நோயாளி 5-ஏ.எல்.ஏ. என்ற திரவத்தைக் குடிக்கிறார். மைக்ரோஸ்கோப்பில் நீல ஒளியைப் போட்டதும் கட்டி செல்கள் இளஞ்சிவப்பாக ஒளிர்கின்றன, மூளை நீலமாகவே இருக்கிறது. ஜெர்மனியில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், ஸ்கேனில் தெரிகிற கட்டியை முழுதாக எடுக்க முடிந்தவர்கள் 36 சதவிகிதத்திலிருந்து 65 சதவிகிதமாக உயர்ந்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் கிளையோமாக்களில் மிகக் கொடிய கிளையோபிளாஸ்டோமா திரும்பி வருகிறது. கதிர்வீச்சோடு டெமோசோலமைடு மாத்திரையைச் சேர்த்த ஆய்வு 2005-ல் வெளியானது. பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமானது. இரண்டரை மாதம்தான். ஆனால் இரண்டு ஆண்டு தாண்டியவர்கள் 10 சதவிகிதத்திலிருந்து 26 சதவிகிதமானார்கள். அந்த வித்தியாசத்தில் ஒரு மகளின் கல்யாணத்தைப் பார்த்தவர்களும் பேரக்குழந்தையைத் தூக்கியவர்களும் இருப்பார்கள். இருபது ஆண்டுகளாகியும் அதுவே அடிப்படைச் சிகிச்சையாக நீடிக்கிறது. இதயத்துக்கு வந்ததைப் போன்ற ஒரு 1988 மூளைக்கு இன்னும் வரவில்லை.

வரும் என்று நம்ப இடமிருக்கிறது. கிளையோமா செல்களில் ஐ.டி.எச். என்ற மரபணு மாறியிருப்பதை 2008-ல் கண்டார்கள். அந்த மாற்றம் உள்ள கட்டி மெதுவாக வளரும். பெரும்பாலும் இளம் வயதினருக்கு வரும். அதையே குறிவைத்த வொராசிடெனிப் மாத்திரை, 331 பேரிடம் நடந்த சோதனையில் நோய் வளராமலிருந்த காலத்தை 11.1 மாதத்திலிருந்து 27.7 மாதமாக நீட்டியது. 2024-ல் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. அதே 2024-ல் வெளியான ஓர் ஆய்வில் பாஸ்டன் மருத்துவர்கள், நோயாளியின் சொந்த நோய் எதிர்ப்பு செல்களைக் கட்டியை வேட்டையாடும்படி மாற்றி மூன்று கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளுக்குக் கொடுத்திருந்தார்கள். ஒருவருக்குக் கட்டி சில நாள்களிலேயே ஏறக்குறைய மறைந்தது, பிறகு திரும்பியது. இதைத்தான் சில இணைய விளம்பரங்கள் ‘மூளைப் புற்றுநோய்க்குத் தீர்வு’ என்று கூவி விற்கின்றன. மூன்று பேரிடம் கண்ட நம்பிக்கையை முந்நூறு பேரிடம் சோதிக்காமல் விலைக்கு விற்பது நோயாளிக்குச் செய்கிற துரோகம்.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. சிறுமூளையில் வருகிற மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கு அறுவைக்குப் பிறகு தலைக்கும் முதுகெலும்பு முழுமைக்கும் கதிர்வீச்சு தேவைப்படுகிறது. சாதாரண எக்ஸ்ரே கதிர் முதுகுவழி நுழைந்து நெஞ்சுவழி வெளியேறும். போகிற வழியில் இதயத்தையும் தொட்டுவிட்டுப் போகும். எட்டு வயதில் மூளைக்கட்டியிலிருந்து பிழைத்த பிள்ளைக்கு, பின்னாளில் இதய நோய் வரும் ஆபத்து அதனால் கூடுகிறது. புரோட்டான் கதிர் குறித்த ஆழத்தில் நின்றுவிடும், இதயம் தப்பும். 2019-ல் சென்னை தரமணியில் தெற்காசியாவின் முதல் புரோட்டான் மையம் தொடங்கியது. எல்லா மூளைக்கட்டிக்கும் இது வேண்டியதில்லை. வேண்டிய குழந்தைகளுக்கு, அப்பாவின் சம்பளச் சீட்டைப் பார்க்காமல் கிடைக்க வேண்டும். அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் ஐந்து லட்சம் ரூபாய் வரம்புக்குள் இது அடங்குவதில்லை. அரசு முதலில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

தலைவலி வருகிற பெரும்பாலோருக்கு மூளைக்கட்டி இல்லை. ஆனால் இதுவரை வராத ஒருவருக்கு, வளர்ந்த வயதில் முதல் முறையாக வலிப்பு வந்தால் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். காலையில் எழும்போதே தலைவலியும் வாந்தியும் வாரக்கணக்கில் தொடர்ந்தாலும், ஒரு கை மெல்லப் பலவீனமானாலும், அமைதியானவர் காரணமில்லாமல் குணம் மாறிப்போனாலும் அப்படியே. எடுத்த கட்டி கிளையோமா என்றால், பயாப்ஸி அறிக்கையில் ஐ.டி.எச். பரிசோதனையின் முடிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். எடுத்த திசுவை மெழுகில் பதித்து நோய்க்குறியியல் துறையில் வைத்திருப்பார்கள். மறு ஆய்வுக்கு என்று எழுதிக் கொடுத்தால் அந்த மெழுகுத் துண்டைப் பெற முடியும். 2024-ல் வந்த மாத்திரை தங்களுக்குப் பொருந்துமா என்று, பல ஆண்டுகளுக்கு முன் அறுவை செய்துகொண்டவர்கள் அதை வைத்தே சோதித்துத் தெரிந்துகொள்ளலாம்.